அளவு நோட்டும் ஓர் ஊசியும்

இடுப்புக் கட்டம்

எங்கள் தெருமுனைத் தையல்காரரிடம் நீளவாக்கில் ஒரு பழைய கணக்கு நோட்டு இருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு பக்கம். என் பக்கத்தில் 22 வருடத்து அளவுகள் ஒன்றின்கீழ் ஒன்றாக நீல மையில் நிற்கின்றன. தோள் அன்றும் 18, இன்றும் 18. கை நீளத்தில் மாற்றமில்லை. கழுத்து 15 ஆக இருந்தது 16 ஆகியிருக்கிறது. அதை அவரும் பொருட்படுத்தவில்லை, நானும் பொருட்படுத்தவில்லை. இடுப்புக் கட்டத்தில் மட்டும் 30, 32, 32, 34, 36 என்று எண்கள் படியேறிக்கொண்டே போகின்றன. "மத்த அளவெல்லாம் பழசே போதும் சார், இடுப்பு மட்டும் காட்டுங்க" என்றார் போன தீபாவளிக்கு. கேலியாகச் சொல்லவில்லை. தொழில் அனுபவம் அப்படி.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கட்டம் மனதை விட்டுப் போகவில்லை. சாப்பிடும் சோறு வயிற்றுக்குத்தான் போகிறது. ஆனால் அங்கேயே தங்குவதில்லையே? செரித்து, ரத்தத்தில் கலந்து, உடம்பெங்கும் சுற்றுகிறது. காது மடலுக்கும் அதே ரத்தம், கெண்டைக்காலுக்கும் அதே ரத்தம். அப்படியிருக்க, மிஞ்சியதெல்லாம் ஏன் வயிற்றைத் தேடிப் போய்ச் சேர்கிறது? சிலருக்குக் கை கால் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் பானையாக இருக்கிறதே, அது எப்படி? பெண்கள் பலருக்கு இடுப்பிலும் தொடையிலும் சேர்வது ஏன்? ஆறு மாதம் நடையாய் நடந்து எடை குறைத்தவர், "முகம்தான் ஒட்டிப்போச்சு, தொப்பை அப்படியே இருக்கு" என்று அலுத்துக்கொள்வதையும் கேட்டிருப்பீர்கள்.

பரம்பரை, வயது, ஹார்மோன் என்று வழக்கமான பதில்கள் உண்டு. எல்லாம் உண்மையே. அதிகம் பேசப்படாத இன்னொரு பதிலும் உண்டு: நரம்பு. கொழுப்புக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஆராய்ச்சியாளர்கள் பலருக்கும் வெகுகாலம் அப்படித்தான் தோன்றியது.

கிள்ளினால் வருவதும் வராததும்

வயிற்றுச் சதையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். கையில் அகப்படுவது தோலுக்கும் தசைக்கும் நடுவே இருக்கும் கொழுப்பு. தோலடிக் கொழுப்பு என்போம். கையில் அகப்படாத கொழுப்பு ஒன்று தசைச்சுவருக்கு உட்புறம் இருக்கிறது. கறிக்கடையில் ஆட்டின் வயிற்றைத் திறந்ததும் குடலின்மேல் வெள்ளை வலைபோல ஒன்று விரிந்து கிடக்குமே, அதேதான் நமக்கும். இதை உள்வயிற்றுக் கொழுப்பு என்று வைத்துக்கொள்வோம். தளதளவென்று தொங்கும் தொப்பையில் தோலடிச் சரக்கு அதிகம். மத்தளம்போல் விறைத்து முன்தள்ளும் தொப்பையில் பெரும்பாலும் உட்சரக்கு அதிகம்.

இடம் முக்கியம் என்று முதலில் அழுத்திச் சொன்னவர் பிரான்சில் மார்செய் நகரத்து மருத்துவர் ழான் வாக். 1947இல் அவர் பருத்த உடல்களை இரண்டாகப் பிரித்தார்: மேலுடம்பிலும் வயிற்றிலும் பருக்கும் ஆண்பாங்கு, இடுப்பிலும் தொடையிலும் பருக்கும் பெண்பாங்கு. சர்க்கரை நோயும் ரத்தநாள நோய்களும் முதல் வகைக்கே அதிகம் வருகின்றன என்றார். பேச்சு எடுபட ஏறக்குறைய 40 வருடம் ஆயிற்று. 1984இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்திலிருந்து இரண்டு ஆய்வுகள் வந்தன. 54 வயதில் அளவெடுக்கப்பட்ட 792 ஆண்களை 13 வருடம் தொடர்ந்து பார்த்தது ஒன்று; 1462 பெண்களை 12 வருடம் பார்த்தது மற்றொன்று. மாரடைப்பை முன்கூட்டிச் சொல்வதில் மொத்தப் பருமனைவிட இடுப்புக்கும் பிட்டத்துக்கும் உள்ள விகிதமே கெட்டிக்காரத்தனமாக இருந்தது. தையல் டேப் அன்றைக்கு மருத்துவக் கருவியாகப் பதவி உயர்வு பெற்றது என்றே சொல்லலாம்.

நம் பக்கத்துக் கதை 2004இல் லான்செட் இதழில் ஒரு புகைப்படமாக வந்தது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் உடல் நிறை எண் இருவருக்கும் 22.3. அணுப் பிசகவில்லை. ஆனால் கருவியில் படுக்கவைத்து உடல் கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. தெற்காசிய உடல்வாகு பலருக்கும் இப்படித்தான். நமக்கான இடுப்பு வரம்பை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்று தாழ்த்தி வைத்திருப்பதும் இதனால்தான். சென்னை நீரிழிவு ஆய்வு மையத்தினர் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், வளர்ந்தவர்களில் 39.5 விழுக்காட்டினர் அந்த இடுப்பு வரம்பைத் தாண்டியிருந்தார்கள்.

என் 36 அங்குலம் 91 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வருகிறது. உண்மையில் அதைவிடவும் கூடுதலாக இருக்கும். தையல்காரர் பேண்ட் நிற்கிற இடத்தில், தொப்புளுக்குக் கீழே, டேப்பைப் போடுகிறார். மருத்துவர் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு முகட்டுக்கும் நடுவில் போடுவார். தொப்பை உள்ள ஆண்கள் "என் இடுப்பு இன்னும் 34தான்" என்று சாதிப்பதன் ரகசியம் இந்த இரண்டு விரற்கடை இறக்கம்.

மூட்டைக்குள் ஓடும் நரம்பு

கொழுப்பை மிஞ்சிய சரக்கை அடைத்துவைத்த கிடங்காக மட்டுமே பாடநூல்கள் சித்திரித்து வந்தன. கிடங்கு என்றால் திறக்கவும் பூட்டவும் யாராவது வேண்டுமே? அந்த ஆளைத் தேடிப் போனவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து ஜார்ஜியா அரசுப் பல்கலைக்கழகத்தின் டிமோத்தி பார்ட்னஸ். அவர் தேர்ந்த பிராணி சைபீரிய ஹாம்ஸ்டர் என்கிற குட்டி எலி.

இந்த எலிக்கு ஒரு விசேஷம். குளிர்காலம் நெருங்கிப் பகல் குறுகியதும், தீனி தாராளமாக இருந்தாலும் தானாகவே இளைக்கிறது. அந்த இளைப்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு. உள்ளே இருக்கும் கொழுப்பு முதலில் கரைகிறது. தோலடிக் கொழுப்பு பிறகுதான். குளிர்காலத்தில் கம்பளியை அவிழ்த்து எறிபவர் உண்டா? எலியும் எறிவதில்லை. ஆனால் எந்த மூட்டையை முதலில் பிரிப்பது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? ரத்தத்தில் வரும் ஹார்மோன் எல்லா மூட்டைக்கும் ஒரே மாதிரித்தானே போகும்?

பார்ட்னஸ் குழு 1990களில் இரண்டு வழிகளில் இதைத் துருவியது. முதலில் உள்கொழுப்பிலும் தோலடிக் கொழுப்பிலும் நரம்பு நுனி உறிஞ்சிக்கொள்ளும் வெவ்வேறு நிறச் சாயங்களைச் செலுத்தினார்கள். சாயம் நரம்பு வழியே பின்னோக்கி ஏறியது. இரண்டு மூட்டைகளுக்கும் பெரும்பாலும் தனித்தனி நரம்பு செல்கள் என்று தெரிந்தது. அடுத்து, பன்றிகளைத் தாக்கும் ஒரு வைரஸைக் கொழுப்பில் ஏற்றினார்கள். அது ஒரு நரம்பிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று தொற்றிப் பின்னோக்கிப் போகும் தன்மையது. போன தடத்தைப் பார்த்தால் தண்டுவடம், மூளைத்தண்டு, பிறகு மூளையின் அடிவாரத்தில் பசியையும் உடல் வெப்பத்தையும் ஆளும் ஹைப்போதலாமஸ். வயிற்றுக் கொழுப்பிலிருந்து மூளையின் அடிவாரம் வரை தொடர்ந்து கம்பி இழுத்திருக்கிறது!

2015இல் போர்ச்சுகலில் அனா டொமிங்கோஸ் குழுவினர் சுண்டெலியின் கொழுப்புக்குள் நரம்பு நுனிகள் கொழுப்பு செல்களைத் தொட்டுச் சூழ்ந்திருப்பதை நுண்ணோக்கியில் படம் பிடித்தார்கள். ஒளி பட்டால் துடிக்கும்படி அந்த நரம்புகளை மாற்றி, ஒளியைப் பாய்ச்சினார்கள். பாய்ச்சிய இடத்தில் கொழுப்பு குறைந்தது.

இந்த நரம்புக்குப் பாடநூலில் 'பரிவு நரம்பு' என்று பெயர். பெயரில்தான் பரிவு. நாய் துரத்தும்போது இதயத்தை அடிக்கவைப்பது, வியர்க்கவைப்பது, ரத்தக்குழாயை இறுக்குவது எல்லாம் இதன் வேலை. கொழுப்பு மூட்டையை அவிழ்ப்பதும் இதுவே. ஓடுகிறவனுக்கு எரிபொருள் வேண்டுமல்லவா? இந்த அத்தியாயத்தில் இதை உசுப்பு நரம்பு என்று சொல்லப்போகிறேன். வேலைக்குப் பொருத்தமான பெயர்.

ஒரே சொல், இரண்டு காது

உசுப்பு நரம்பின் நுனியில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் கசிகிறது. அதைக் கேட்க ஒவ்வொரு கொழுப்பு செல்லின் மேலும் ஏற்பிகள் உண்டு. செல்லின் காது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால் காது இரண்டு வகை. பீட்டா என்ற காதில் விழுந்தால் அந்தச் சொல்லுக்கு "கொடு" என்று பொருள்: செல் கொழுப்பை உடைத்து ரத்தத்தில் விடும். ஆல்ஃபா-2 என்ற காதில் விழுந்தால் அதே சொல்லுக்கு "பிடித்து வை" என்று பொருள்.

பிரான்சின் தூலூஸ் நகரத்திலும் ஸ்டாக்ஹோமிலும் 1970, 80களில் மனிதக் கொழுப்புத் துணுக்குகளை வைத்து நடந்த ஆய்வுகள் இந்த இரண்டு காதுகளும் எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் இல்லை என்று காட்டின. வயிற்றில், குறிப்பாக உள்வயிற்றில், "கொடு" காதுகளின் கை ஓங்கியிருக்கிறது. பெண்களின் இடுப்பிலும் தொடையிலும் "பிடித்து வை" காதுகள் மலிந்திருக்கின்றன. ஆக, நடந்தாலும் ஓடினாலும் பட்டினி கிடந்தாலும் தொடைக் கொழுப்பு எளிதில் அசையாதது மனவுறுதிக் குறைவால் அல்ல. உடம்பு அதை வேறு ஒரு செலவுக்காகச் சேமித்து வைத்திருக்கிறது. எந்தச் செலவு? கோத்தன்பர்க்கில் 1985இல் வெளியான ஆய்வில் விடை கிடைத்தது. பாலூட்டும் மாதங்களில் தொடைக் கொழுப்பின் பூட்டு தளர்ந்து, அது எளிதில் கரைந்து வெளியேறுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு சேமிப்புக் கணக்கே வயிற்றுக்கு மாறிவிடுவதும் உண்டு. பிளவுஸ் தைக்கும் கடைகளின் நோட்டில் அதற்கும் பதிவு இருக்கும்.

"தொப்பை அப்படியே இருக்கு" என்ற அலுப்புக்கும் இங்கே பாதி விடை உண்டு. எடை ஓரளவு குறையும்போது, இருந்த அளவோடு ஒப்பிட்டால், முதலில் அதிகம் இளைப்பது உள்வயிற்றுக் கொழுப்புதான். ஹாம்ஸ்டர் எலியைப் போலவே. ஆனால் அது கைக்கு அகப்படாதது. நாம் தினமும் கிள்ளிப் பார்ப்பது தோலடிக் கொழுப்பை. நல்ல செய்தி உள்ளே நடந்துகொண்டிருக்க, வெளியே நின்று அழுகிறோம்.

முழங்காலுக்குக் கீழே ஓர் ஊசி

இதுவரை மூளை பேசியது, கொழுப்பு கேட்டது. கொழுப்பு பேசினால் நரம்பு கேட்குமா? மனிதர்களிடம் இதைச் சோதிக்க, ஓடிக்கொண்டிருக்கும் உசுப்பு நரம்பை ஒட்டுக்கேட்க வேண்டும். அதற்கு ஒரு கருவி உண்டு. எனக்குத் தெரிந்த கருவிகளிலேயே இதன் துணிச்சல் தனி.

1960களின் நடுவில் ஸ்வீடனின் உப்சாலா நகரத்தில் கார்ல்-எரிக் ஹாக்பார்த், ஓகே வால்போ என்ற இருவர், டங்ஸ்டன் கம்பியில் மயிரிழை போன்ற ஊசி செய்து உயிருள்ள மனிதரின் நரம்புக்குள் நேரடியாகக் குத்திப் பார்த்தார்கள். அந்த மனிதர்கள் அவர்களேதான். தங்கள் நரம்பிலேயே குத்திக்கொண்டு, பாதிப்பு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே மற்றவர்களிடம் போனார்கள்.

இன்று அந்தச் சோதனை இப்படி நடக்கும். நீங்கள் மல்லாந்து படுத்திருக்கிறீர்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலின் வெளிப்பக்கம் ஓர் எலும்புக் குமிழ் தட்டுப்படும். அதையொட்டி, தோலுக்கு மிக அருகில் ஒரு நரம்பு ஓடுகிறது. வெகுநேரம் குந்தி உட்கார்ந்தாலோ காலை மடக்கி உட்கார்ந்தாலோ பாதம் மரத்துப்போவதில் இந்த நரம்புக்கும் பங்குண்டு. ஊசி அங்கே இறங்குகிறது. சரியான இழை கிடைக்கும்வரை மில்லிமீட்டரின் சிறு பங்கு இப்படி, சிறு பங்கு அப்படி என்று நகர்த்துவார்கள். சில சமயம் ஒரு மணி நேரமாகும். ஒலிபெருக்கியில் இரைச்சல் கேட்கும். திடீரென்று இரைச்சலுக்குள்ளிருந்து சின்னச் சின்ன மூச்சுகளாக "புஸ்... புஸ்..." என்று வரும். உசுப்பு நரம்பு பேசுகிறது.

சந்தேகப் பேர்வழிகளுக்காக ஒரு சரிபார்ப்பும் வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர் பக்கத்தில் நின்று பட்டென்று கை தட்டுவார். "புஸ்" சத்தம் துள்ளினால் அது தோலுக்குப் போகும் இழை. ஊசியை மாற்ற வேண்டும். கை தட்டலுக்கு மசியாமல், மூச்சை அடக்கும்போது மட்டும் வலுத்தால், அது தசையின் ரத்தக்குழாய்களுக்குப் போகும் இழை. வேண்டியது அதுதான். இதயம் ஒருமுறை துடித்து ஏறக்குறைய 1.3 வினாடி கழித்தே அதற்குரிய "புஸ்" முழங்காலில் கேட்கும். காரணம், இந்த இழைகளில் செய்தி வினாடிக்கு ஒரு மீட்டர்தான் நகர்கிறது. அதாவது பூங்காவில் உலாவுகிறவரின் வேகம். இதயத் துடிப்புக்குத் துடிப்பு ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து மூளை கட்டளை அனுப்புகிறது. ஒவ்வொரு "புஸ்" சத்தமும் தசைக்குள் இருக்கும் சிறு ரத்தக்குழாய்களை ஒரு பிடி இறுக்கும் கட்டளை.

இனி இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் நாற்பதைத் தாண்டாத ஆண்கள். உடம்பில் உள்ள மொத்தக் கொழுப்பு இருவருக்கும் ஒன்றே. வயிற்றின் தோலடிக் கொழுப்பும் ஒன்றே. வயிற்றைக் குறுக்கே ஒரு துண்டு போட்டதுபோல் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மட்டும் வித்தியாசம் தெரிகிறது: இரண்டாமவருக்குக் குடலைச் சுற்றி வெள்ளைப் படலம் தடித்திருக்கிறது. சட்டை போட்டு வரிசையில் நிறுத்தினால் யார் எவர் என்று சொல்வது கடினம்.

இத்தகைய ஆண்களை இரண்டு குழுவாக்கி அமெரிக்காவில் கெவின் டேவியும் சக ஆய்வாளர்களும் ஊசியை இறக்கினார்கள். 2002இல் முடிவு வெளியானது. உள்வயிற்றுக் கொழுப்பு கூடிய குழுவில் நரம்பின் துடிப்பு ஏறத்தாழ 55 விழுக்காடு அதிகம். அதே ஆய்வாளர்கள் ஆட்களை வேறு விதமாகவும் பிரித்துப் பார்த்தார்கள்: தோலடிக் கொழுப்பு அதிகம் உள்ளவர், குறைவாக உள்ளவர் என்று. இப்போது நரம்பில் வித்தியாசம் இல்லை. மொத்தக் கொழுப்பை வைத்துப் பிரித்தாலும் இல்லை. எவ்வளவு கொழுப்பு என்பதை நரம்பு கண்டுகொள்ளவேயில்லை. எங்கே என்பதை மட்டும் கேட்டது.

இந்த 55 என்ற எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கணக்குக்காக முதலாமவரின் நரம்பு நிமிடத்துக்கு 20 முறை துடிக்கிறது என்று வைப்போம். அப்படியானால் இரண்டாமவருக்கு 31. நிமிடத்துக்கு 11 கூடுதல் என்பது அற்பமாகத் தெரிகிறது. ஒரு நாளைக்கு 1440 நிமிடம். பெருக்கினால் 15,840. தூக்கத்தில் துடிப்பு தணியும், வேலையில் ஏறும் என்பதால் இது தோராயம்தான். இருந்தாலும் சண்டையில்லை, ஓட்டமில்லை, நாய் துரத்தவில்லை. சும்மா படுத்திருக்கும் ஒருவரின் ரத்தக்குழாய்களுக்கு "இறுக்கு" என்ற கட்டளை தினமும் பதினைந்தாயிரம் தடவைக்கு மேல் கூடுதலாகப் போகிறது. ரத்த அழுத்தம் இன்னும் ஏறவில்லை, டாக்டரிடம் போனால் "நார்மல்" என்பார். திரைக்குப் பின்னால் நரம்பு ஓவர்டைம் செய்துகொண்டிருக்கிறது.

பிறகு இன்னொரு சோதனை, 2007இல். இந்தத் தடவை ஒல்லியும் பருமனும் அல்ல, அதே ஆட்கள், முன்னும் பின்னும். பருமனில்லாத தன்னார்வலர்களைத் தினமும் வழக்கத்தைவிட 1000 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடவைத்தார்கள். நம் கணக்கில் தோராயமாக நாலு பரோட்டா. சுமார் 5 கிலோ ஏறும்வரை. (தன்னார்வலர்கள் கிடைப்பதில் சிரமம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.) ஊசியை மறுபடி இறக்கியபோது துடிப்பு கூடியிருந்தது. மறுதிசையும் சரிபார்க்கப்பட்டது: மிலான் நகரத்தில் கிராசி என்ற ஆய்வாளரின் குழு, பருமனானவர்கள் உணவைக் குறைத்து எடை இறங்கியதும் நரம்பு தணிவதை 1998லேயே காட்டியிருந்தது.

உசுப்பியும் ஏன் கரையவில்லை

கூர்மையான வாசகர் இந்நேரம் என்னை மடக்கியிருப்பார். உசுப்பு நரம்புதான் கொழுப்பு மூட்டையை அவிழ்க்கிறது என்றீர்கள். தொப்பைக்காரருக்கு உசுப்பு நரம்பு அதிகம் துடிக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் தொப்பை கரைந்திருக்க வேண்டாமா?

மடக்கு நியாயமானது. முதல் விடை, உசுப்பு நரம்பு ஒற்றைக் குழாய் அல்ல. அது கிளை கிளையாகப் பிரிந்தது, கிளைக்குக் கிளை வேறு கட்டளை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மரே எஸ்லர் குழுவினர், ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் ரத்தத்தில் கசியும் நார்அட்ரினலினைத் தனித்தனியாக அளக்கும் முறையை உருவாக்கினார்கள். ரத்த அழுத்தம் இயல்பாக உள்ள பருமனானவர்களிடம் 1997இல் அளந்தபோது சிறுநீரகத்தில் கசிவு ஒல்லியானவர்களைப்போல் இரு மடங்கு, இதயத்திலோ பாதிதான். சிறுநீரகக் கிளை உசுப்பப்பட்டால் உப்பையும் நீரையும் உடம்பு தேக்கிவைக்கும். பிற்காலத்து ரத்தக் கொதிப்புக்கு அடித்தளம் அங்கே விழுகிறது. கால் தசையில் கேட்ட சத்தத்தை வைத்து வயிற்றுக் கொழுப்பில் என்ன பேச்சு நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது விடை, காது மந்தமாவது. ஓயாமல் ஹாரன் அடிக்கும் சாலையோரத்தில் குடியிருப்பவருக்கு ஹாரன் கேட்பதே நின்றுவிடுமல்லவா? பருமனானவர்களின் கொழுப்பு செல்களில் "கொடு" காதும் அப்படி மரத்துப்போகிறது. மூன்றாவது, உள்வயிற்றுக் கொழுப்பு கொடுக்காமல் இல்லை, கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. கொடுத்ததை எரிக்க ஆளில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை நரம்பு ஓடச் சொல்கிறது. அவர் ஓடுவதில்லை. குடலைச் சுற்றிய கொழுப்பின் ரத்தம் நேராக ஈரலுக்குப் போகிற குழாயில் வடிகிறது. வெளிவந்த கொழுப்பை ஈரல் வாங்கிப் பொதிகட்டித் திரும்ப ரத்தத்தில் விடுகிறது. கிடங்கு மறுபடி நிரம்புகிறது. வரவும் செலவுமாகக் கடை எப்போதும் பரபரப்பாக இருக்கும், சரக்கு மட்டும் குறையாது.

யார் முதலில் கூப்பிட்டது

கொழுப்பு நரம்பை உசுப்புகிறதா, நரம்பு கொழுப்பை அங்கே சேர்க்கிறதா? இரண்டுக்கும் சாட்சிகள் உண்டு. ஆய்வாளர்களுக்குள் சண்டையும் உண்டு.

முதல் கட்சிக்காரர் லூயிஸ் லாண்ட்ஸ்பர்க். 1977இல் அவரும் ஜேம்ஸ் யங்கும் பட்டினி கிடக்கும் எலிகளில் உசுப்பு நரம்பு அடங்கிவிடுவதைக் கண்டார்கள். உண்டால் எழும். அதிகம் உண்ணும்போது இன்சுலின் ஏறுகிறது, இன்சுலின் மூளை வழியே நரம்பை உசுப்புகிறது, மிஞ்சியதை வெப்பமாக எரித்துத் தள்ள உடம்பு செய்யும் முயற்சி அது என்பது அவர் வாதம். ரத்த அழுத்தம் அந்த முயற்சியின் பக்கச் செலவு. கொழுப்பு செல்களே சுரக்கும் லெப்டினும் நரம்பை உசுப்பும். ஆனால் லெப்டினை அதிகம் சுரப்பது தோலடிக் கொழுப்பு. ஊசிச் சோதனையில் குற்றவாளியாக நின்றதோ உள்வயிற்றுக் கொழுப்பு. ஆகவே லெப்டினை மட்டும் கைகாட்டினால் வழக்கு நிற்காது. ஈரலுக்குப் போகும் கொழுப்பு அமிலங்கள், அழற்சிப் பொருள்கள் என்று சந்தேகப் பட்டியல் நீள்கிறது.

எதிர்க்கட்சியின் வலுவான சாட்சி குரங்குகளிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் கேரல் ஷைவ்லி, பெண் மக்காக் குரங்குகளைக் கூட்டமாக வளர்த்தார். கூட்டத்தில் மேலாதிக்கக் குரங்கும் உண்டு, அடிபட்டு ஒதுங்கிக் கிடக்கும் குரங்கும் உண்டு. தீனி எல்லாருக்கும் ஒன்றே. ஒதுக்கப்பட்ட குரங்குகளுக்கு உள்வயிற்றில் கொழுப்பு அதிகம் சேர்ந்தது. ஓயாத அச்சமும் அதன் ஹார்மோனான கார்டிசாலும் கொழுப்பைக் குடலைச் சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அலுவலகத்தில் மேலதிகாரியின் வசவைத் தின்றே தொப்பை வந்தது என்று சொல்பவரை இனிக் கேலி செய்ய யோசிப்பேன்.

ஆம்ஸ்டர்டாமில் ஒரு குழு 2002இல் இன்னும் ஒரு படி போயிற்று. உசுப்பு நரம்புக்கு எதிர்வேலை செய்யும் நரம்பு, அமர்த்து நரம்பு என்போம், அதுவும் கொழுப்புக்குப் போய்ச் சேமிக்கச் சொல்கிறது என்றது. உள்வயிற்றுக்கு ஒரு கட்டளை, தோலடிக்கு வேறு கட்டளை. அழகான விளக்கம். 2006இல் இத்தாலியக் குழுவும் பார்ட்னஸ் தரப்பும் சேர்ந்து தேடியபோது அமர்த்து நரம்பின் தடயம் அந்தக் கொழுப்பில் குறிப்பிடத்தக்க அளவுக்குக் கிடைக்கவில்லை. என் சாய்வு பார்ட்னஸ் பக்கம். ஒரு விளக்கத்தின் அழகு அதற்குச் சாட்சி ஆகாது.

2022இல் கலிபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வகத்திலிருந்து வந்த செய்தி பேச்சை இருவழியாக்கியது. கொழுப்பிலிருந்து மூளைப் பக்கம் போகும் உணர்வு நரம்புகளைச் சுண்டெலியில் தடம்பிடித்து, அவற்றை மட்டும் அழித்துப் பார்த்தார்கள். உசுப்பு நரம்பின் வேலை அந்தக் கொழுப்பில் கூடிவிட்டது. அதாவது "போதும், நிறுத்து" என்று கொழுப்பிலிருந்து ஒரு குரல் போய்க்கொண்டேயிருக்கிறது.

பக்கத்தில் படுப்பவர்

ஒரு சங்கடமான முடிவையும் சொல்லியாக வேண்டும். 1998இல் நார்கீவிச், சோமர்ஸ் முதலியோர் பருமனானவர்களில் ஒரு சாராரை வடிகட்டினார்கள்: தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர்களை. அவர்களை விலக்கிவிட்டு மிச்சம் உள்ள பருமனானவர்களிடம் ஊசியை இறக்கினால் நரம்பு ஒல்லியானவர்களைப் போலவே அமைதியாக இருந்தது. கொழுப்பின் மேல் போட்ட பழியில் ஒரு பங்கு தொண்டையைச் சேர்ந்ததாக இருக்கலாம்.

குறட்டை விடுகிறவருக்குத் திடீரென்று சத்தம் நிற்கும். பத்து வினாடி, இருபது வினாடி. தொண்டைத் தசை தளர்ந்து காற்றுவழி மூடிக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் இறங்க இறங்க முழங்காலில் "புஸ்" சத்தம் நெருங்கி நெருங்கி வந்து, இடைவெளியே இல்லாமல் இரைகிறது. பிறகு ஒரு விக்கல், ஒரு பெரிய மூச்சு, மறுபடி குறட்டை. இரவில் நூறு தடவை இப்படி உசுப்பப்பட்ட நரம்பு பகலிலும் தணிய மறுக்கிறது. மூக்கில் முகமூடி பொருத்திக் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவியோடு தூங்கினால், நாளடைவில் பகல் துடிப்பும் இறங்குகிறது.

தூக்க மருத்துவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "சட்டைக் காலர் என்ன சைஸ்?" ஆண்களுக்கு 17 அங்குலத்தைத் தாண்டினால் அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், பெண்களுக்கு 16. தொண்டையைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் ஓர் இடம்தானே!

தையல்காரரின் நோட்டை மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்தேன். கழுத்து 16 என்று எழுதியது நாலு வருடத்துக்கு முன்பு. அதன்பின் அவர் அங்கே டேப்பைப் போடவே இல்லை, பழசே போதும் என்று. இரவில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பது இரண்டு வருடமாக.

"கழுத்தையும் ஒரு தடவை அளந்துடுங்க" என்றேன்.

"எதுக்கு சார், காலர் பட்டனை நீங்க போடவே மாட்டீங்களே" என்றார். ஆனாலும் டேப்பை எடுத்தார்.